அடிபட்டவர் கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அடிதடிச் செய்திகளில் ‘லேசான காயம்’, ‘பலத்த காயம்’, ‘ரத்த வெள்ளத்தில் கிடந்தார்’ என்றெல்லாம் படிக்கிறோம். சட்டம் ரத்தத்தை அளப்பதில்லை, தையலையும் எண்ணுவதில்லை. தலையில் 12 தையல் போட்டவரின் வழக்கு ஓராண்டுத் தண்டனைக்குரிய சிறு காய வழக்காக முடியலாம். வாயில் ஒரு குத்து வாங்கிப் பல் உடைந்தவரின் வழக்கு ஏழாண்டு வரை சிறை தரும் கொடுங்காய வழக்காகலாம். இது தெரியாமல் முதல் நாளே காரியத்தைக் கெடுத்துக்கொள்கிறவர்கள் ஏராளம். உண்மையாகவே அடிபட்டவர், சாட்சியும் இருந்து, மூன்று நான்கு வருடம் நீதிமன்றத்துக்கு அலைந்து, கடைசியில் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், விடுதலையாவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். குற்றவியல் நீதிமன்றங்களில் தொழில் செய்யும் எவருக்கும் இது பழகிப்போன காட்சி. பழகிப்போனது என்பதே வேதனை. ஆகவே இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. காயங்களுக்கான பழைய 323, 324, 325, 326 என்ற பிரிவு எண்கள் இன்னும் எல்லார் வாயிலும் இருக்கின்றன. அவை இப்போது முறையே 115(2), 118(1), 117(2), 118(2). சம்பவம் நடந்த தேதிதான் எந்தச் சட்டம் என்பதை முடிவு செய்யும். 2024 ஜூன் 30 இரவு நடந்த அடிதடிக்கு இன்றைக்குச் சாட்சி விசாரணை நடந்தாலும் பழைய சட்டம்தான்.

உடல் வலியோ, நோயோ, இயலாமையோ உண்டாக்கினால் அது ‘காயம்’. தோல் கிழிய வேண்டியதில்லை, கன்னத்தில் ஓர் அறை போதும். வேண்டுமென்றே அப்படிச் செய்தால் 115(2)-ன் கீழ் ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ‘கொடுங்காயம்’ என்பதற்கு 116-வது பிரிவு எட்டு வகைகளைச் சொல்கிறது. அந்த எட்டுக்குள் வராத எதுவும், பார்க்க எவ்வளவு கோரமாக இருந்தாலும், கொடுங்காயம் ஆகாது. ஆண்மை இழப்பு, ஒரு கண்ணின் பார்வையோ ஒரு காதின் கேட்கும் திறனோ நிரந்தரமாகப் போவது, உறுப்பையோ மூட்டையோ இழப்பது, அவற்றின் வலிமை நிரந்தரமாகக் குன்றுவது, தலையிலோ முகத்திலோ நிரந்தர விகாரம், எலும்போ பல்லோ முறிவது அல்லது இடம் பெயர்வது ஆகியவை முதல் ஏழு. எட்டாவது, உயிருக்கு ஆபத்தான காயம், அல்லது 15 நாள் கடும் வலியிலோ அன்றாட வேலையைச் செய்ய முடியாத நிலையிலோ வைத்திருக்கும் காயம். பழைய சட்டத்தில் இது 20 நாளாக இருந்தது.

வழக்குகளில் பெரும்பாலும் எழும் சண்டை எலும்பு முறிவைப் பற்றியும் இந்த 15 நாளைப் பற்றியும்தான். எலும்பு இரண்டு துண்டாக வேண்டியதில்லை. மண்டையோட்டில் வெட்டுப் பட்டு எலும்பின் மேற்பரப்பு வெட்டுப்பட்டிருந்தாலும் அது முறிவுதான் என்று ஹோரி லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் எப்போதோ சொல்லிவிட்டது. ஆனால் முறிவு எக்ஸ்ரேயில் தெரிய வேண்டும், அந்தப் படம் நீதிமன்றத்துக்கு வர வேண்டும், படித்துக் கருத்துச் சொன்ன மருத்துவர் கூண்டில் ஏற வேண்டும். படத்தில் பெயர், தேதி, வலமா இடமா என்ற குறி ஆகியவை இல்லாவிட்டால் குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே அதுதான். படம் தொலைந்துபோய் வெறும் சான்றிதழோடு நிற்கும் வழக்குகளில் கொடுங்காயத்துக்கான 117(2) உதிர்ந்து 115(2)-க்கு இறங்கிவிடுகிறது. விலா எலும்பிலும் மணிக்கட்டின் சிறு எலும்பிலும் ஏற்படும் மெல்லிய கீறல் முதல் நாள் படத்தில் தெரியாமல் போகலாம். வலி குறையாவிட்டால் 10 முதல் 14 நாளில் மறுபடி எடுக்கச் சொல்லிக் கேட்பது சிகிச்சைக்கும் நல்லது, வழக்குக்கும் நல்லது. பல் விஷயத்தில், ஈறு நோயால் முன்பே ஆடிக்கொண்டிருந்த பல் என்று எதிர்த்தரப்பு சொல்லும். பக்கத்துப் பற்களின் நிலையையும் பல் மருத்துவர் எழுதியிருந்தால் அந்த வாதம் நிற்காது.

15 நாளைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை ஊரெங்கும் இருக்கிறது. 15 நாள் படுக்கையில் அட்மிட் ஆகியிருந்தால் கொடுங்காயம் என்று நினைத்து, டிஸ்சார்ஜ் செய்தாலும் போக மறுக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் இருந்த நாள் கணக்கு மட்டும் போதாது. அத்தனை நாளும் கடும் வலி இருந்தது, அல்லது வழக்கமான வேலையைச் செய்ய முடியவில்லை என்று நிரூபிக்க வேண்டும். வெளிநோயாளிச் சீட்டுகள், கட்டு மாற்றிய தேதிகள், வேலை செய்யும் இடத்தின் விடுப்புப் பதிவு, பிசியோதெரபி அட்டை போன்றவைதான் அதைச் செய்யும். ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போனவரும் ஒழுங்காகத் தொடர் சிகிச்சைக்கு வந்திருந்தால் இதை நிரூபிக்கலாம். இருபது நாள் படுத்திருந்தும் கேஸ் ஷீட்டில் ‘நோயாளி நலமாக இருக்கிறார்’ என்று தினமும் எழுதப்பட்டிருந்தால் நிரூபிக்க முடியாது.

எண்ணமும் பார்க்கப்படும். கொடுங்காயம் நேர்ந்தால் மட்டும் போதாது. அப்படி ஒரு காயத்தை உண்டாக்கும் எண்ணமோ, உண்டாகக்கூடும் என்ற அறிவோ அடித்தவருக்கு இருந்திருக்க வேண்டும். வாய்த்தகராறில் ஒருவர் தள்ளிவிட, மற்றவர் திண்ணையிலிருந்து விழுந்து கை முறிந்தால், முறிவு இருக்கிறது என்பதாலேயே 117(2) வந்துவிடாது. முகத்தைச் சிதைக்க நினைத்து அடித்து, முகம் சிதையாமல் 15 நாள் வேதனை மட்டும் நேர்ந்தால், நினைத்த வகை வேறு நேர்ந்த வகை வேறு என்று தப்பிக்கவும் முடியாது. இரண்டுமே கொடுங்காய வகைதான் என்று சட்டமே உதாரணம் காட்டுகிறது. ஒருவரைக் குறிவைத்து ஓங்கிய கட்டை, தடுக்க வந்தவர் மேல் பட்டாலும் குற்றம் குற்றமே.

ஆயுதம் வந்தால் தண்டனை ஏறும். குத்தும், வெட்டும், சுடும் கருவி, தாக்கினால் உயிர் போகக்கூடிய பொருள், நெருப்பு, காய்ச்சிய பொருள், நஞ்சு, வெடிமருந்து, ஏவிவிட்ட விலங்கு எல்லாமே 118-க்குள் வருகின்றன. சிறு காயமானால் மூன்றாண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். கொடுங்காயமானால் ஓராண்டுக்குக் குறையாமல் பத்தாண்டு வரை, அல்லது ஆயுள். கல்லும் கட்டையும் ஆபத்தான ஆயுதமா என்பதை அதன் அளவு, கூர்மை, பயன்படுத்திய விதம் ஆகியவற்றை வைத்துத்தான் சொல்ல முடியும் என்பது 2005-ல் வந்த மத்தாய் வழக்குத் தீர்ப்பு. மனிதப் பல் அப்படிப்பட்ட ஆயுதம் அல்ல என்று 2004-ல் ஷகீல் அகமது வழக்கில் சொல்லப்பட்டது. அதனால் கட்டையைக் கைப்பற்றினால் நீளம், சுற்றளவு, எடை எல்லாவற்றையும் மகஜரில், அதாவது கைப்பற்றியதற்கான பதிவில், எழுத வேண்டும். ‘ஒரு மரக்கட்டை’ என்று மட்டும் எழுதினால் எதிர்த்தரப்பு விளக்குமாற்றுக் குச்சி என்று வாதிடும். ஆசிட் வீச்சில் காயம் நேர்ந்தால் 124(1)-ன் கீழ் குறைந்தது பத்தாண்டு. நிரந்தர ஊனமோ, உணர்வற்ற நிலையோ நேர்ந்தால் 117(3) குறைந்தது பத்தாண்டு. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டோர் சேர்ந்து சாதி, இனம், மொழி போன்ற காரணத்துக்காகக் கொடுங்காயம் விளைவித்தால் 117(4) என்ற புதிய பிரிவு இருக்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான தாக்குதலில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேரும். அதை டிஎஸ்பி நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும்.

கொலை முயற்சி என்ற 109-க்குக் காயத்தின் அளவு முக்கியமே அல்ல. காயமே இல்லாமலும் அது நிற்கும். என்ன ஆயுதம், உடலில் எங்கே, எத்தனை முறை, எவ்வளவு வேகம், வாயில் என்ன சொன்னார் என்பவற்றிலிருந்து கொல்லும் எண்ணத்தைக் கண்டறிவார்கள். ஆரம்பத்தில் 109 போட்டுவிட்டுப் பின்னால் 118-க்கு மாற்றுவது நிலையங்களில் வாடிக்கை. எஃப்ஐஆரில் பெரிய பிரிவு இருக்கிறதென்று ஆறுதல் கொள்பவர்கள் குற்றப்பத்திரிகை வரும்வரை கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அடிபட்டவர் முதலில் போக வேண்டிய இடம் ஆஸ்பத்திரி. போலீஸ் வரட்டும், கடிதம் கொண்டு வா என்று எந்த மருத்துவரும் சிகிச்சையைத் தள்ளிப்போட முடியாது. 1989-ல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. அரசு ஆஸ்பத்திரியில் மருத்துவர் விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏஆரில், எழுதும் நான்கைந்து வரிகள்தான் அந்த வழக்கின் முதல் சாட்சியம். எஃப்ஐஆர் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் பிறக்கிறது. எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம், தெரிந்த நபரா தெரியாத நபரா, எத்தனை பேர், எதனால் தாக்கினார்கள் என்று கேட்டு எழுதுவார்கள்.

இங்கேதான் பாதி வழக்குகள் சாகின்றன. போலீஸ் தொந்தரவு வேண்டாம் என்று கூட வந்த மாமா ‘பைக்கில் இருந்து விழுந்துட்டான் டாக்டர்’ என்கிறார். மறுநாள் குடும்பம் கூடிப் பேசிப் புகார் கொடுக்கிறது. ஏஆர் ஒன்று சொல்கிறது, எஃப்ஐஆர் இன்னொன்று சொல்கிறது. அதற்குப் பிறகு எந்த வழக்கறிஞர் வந்தாலும் அந்த முதல் வரியைக் கழுவ முடியாது. அடுத்தது ஆள் எண்ணிக்கை. ஏஆரில் ‘தெரிந்த இரண்டு நபர்கள்’. எஃப்ஐஆரில் ஏழு பேர், அதில் ஒருவர் சம்பவ நேரத்தில் வெளியூரில் இருந்தவர். பழைய பகையைத் தீர்த்துக்கொள்ள எதிரியின் அண்ணன், சித்தப்பா என்று சேர்த்துவிடுவதால் உண்மையில் அடித்த இரண்டு பேரும் சேர்ந்து தப்பிக்கிறார்கள். இது அடிபட்டவர் தனக்குத் தானே செய்துகொள்ளும் அநியாயம்.

ஆயுதக் குழப்பம் இன்னும் நுணுக்கமானது. மண்டைத்தோல் எலும்பின் மேல் இழுத்துக் கட்டியதுபோல இருப்பதால், கட்டையால் அடித்தாலும் கத்தியால் வெட்டியதுபோல் நேர்கோடாகப் பிளக்கும். அவசரத்தில் பார்த்தால் வெட்டுக்காயம் என்றே தோன்றும். உருப்பெருக்கி வைத்துப் பார்த்தால் ஓரங்களில் நசுங்கல் தெரியும், மயிர்க்கால்கள் நசுங்கியிருக்கும். மருத்துவர் ‘வெட்டுக்காயம்’ என்று எழுத, சாட்சி ‘கட்டை’ என்று சொல்ல, நீதிமன்றத்தில் இருவரில் ஒருவர் பொய்யராகிவிடுகிறார். நீளம், அகலம், ஆழம், ஓரத்தின் தன்மை, உடலில் எந்த இடம் என்று ஒவ்வொரு காயத்துக்கும் எழுதினால்தான் பின்னால் ஆயுதத்தைக் காட்டி ‘இதனால் இந்தக் காயம் ஏற்பட்டிருக்குமா’ என்று மருத்துவரைக் கேட்க முடியும். கன்றிய காயத்தின் நிறத்தையும் எழுத வேண்டும். புதிதில் சிவப்பு, பிறகு நீலம், நான்காம் நாள் வாக்கில் கருமை கலந்த பழுப்பு, ஐந்தாறு நாளில் பச்சை, ஒரு வாரத்துக்கு மேல் மஞ்சள். இது தோராயம்தான், என்றாலும் நேற்றைய அடியா போன வாரத்து அடியா என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். உள்ளே கன்றிய இடம் மறுநாள்தான் வெளியே தெரியும் என்பதால், முதல் நாள் பதிவில் வராத காயத்தை மறுநாள் போய்க் காட்டிப் பதிந்துகொள்ள வேண்டும்.

இன்னொரு ஓட்டை. எக்ஸ்ரே வரும்வரை மருத்துவர் கருத்தை நிறுத்தி வைப்பார். அது சரியான முறை. படம் வந்த பிறகு அதை எடுத்துக்கொண்டு இறுதிக் கருத்து வாங்க நிலையத்திலிருந்து யாரும் போவதில்லை. மாதங்கள் கழித்து, கையில் இருப்பதை வைத்து ‘சாதாரணக் காயம்’ என்று காயச் சான்றிதழ் போய்ச் சேர்கிறது. அடிபட்டவர் தரப்பே விசாரணை அதிகாரிக்கு எழுத்தில் நினைவூட்டி, அந்தக் கடிதத்தின் நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் அங்கும் தாக்குதல் என்றே சொல்லிப் பதிவு செய்யச் சொல்ல வேண்டும். ரத்தம் பட்ட சட்டையைத் துவைக்கக் கூடாது, ஈரத்தோடு பிளாஸ்டிக் பையிலும் போடக் கூடாது, அழுகிவிடும். நிழலில் உலர்த்திக் காகிதத்தில் சுற்றி நிலையத்தில் கொடுங்கள். பக்கத்துக் கடையின் சிசிடிவி பதிவு சில நாளில் அழிந்து அதன்மேல் புதியது பதிந்துவிடும். அன்றைக்கே எழுத்தில் கேட்காவிட்டால் இல்லை.

காவல் நிலையத்தில் 115(2) மட்டும் என்றால் போலீஸ் நேரடியாக எஃப்ஐஆர் போட முடியாது. மனு ரசீது கொடுத்து நீதித்துறை நடுவரிடம் அனுப்புவார்கள். அதைத் தாண்டத்தான் ‘ஆபாசமாகத் திட்டி’, ‘வழிமறித்து’ என்ற வரிகள் எல்லாப் புகாரிலும் ஒரே அச்சில் வருகின்றன. ஆபாசப் பேச்சுக்கான 296(b), வழிமறித்தலுக்கான 126(2) ஆகிய இரண்டிலும் போலீஸ் நேரடியாக வழக்குப் பதியலாம். ஆனால் சொல்லாத வசவைச் சொன்னதாக எழுதினால், அதைக் கேட்ட மூன்றாம் மனிதர் யார் என்ற கேள்வியில் அது உடையும், உடையும்போது உண்மையான அடியின் மேலும் சந்தேகம் விழும். நடந்ததை மட்டும் எழுதுங்கள். எலும்பு முறிவோ ஆயுதமோ இருந்தால் எஃப்ஐஆர் போட்டே ஆக வேண்டும் என்பது 2013-ல் லலிதா குமாரி வழக்கில் வந்த அரசியல் சாசன அமர்வின் தீர்ப்பு. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(3), மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றங்களில் டிஎஸ்பி அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணைக்கு இடம் தருகிறது. 118(1) அதற்குள் வரும். ஏழாண்டு தண்டனையுள்ள 117(2) வராது. ஆகவே கை முறிந்தவரிடம் ‘14 நாள் விசாரிக்கணும்’ என்று சொன்னால் அது தவறு. எஃப்ஐஆர் நகல் இலவசம். மறுத்தால் எஸ்பிக்குப் பதிவுத் தபால், அதுவும் பலிக்காவிட்டால் நடுவர் நீதிமன்றம். சிறு காய வழக்குக்கு ஓராண்டுக் காலவரம்பு உண்டு. பஞ்சாயத்து பேசியே அந்த ஓராண்டை ஓட்டிவிட்டு வருகிறவர்களுக்குக் கதவு பெரும்பாலும் மூடியிருக்கும்.

இரண்டு பக்கமும் அடிபட்டால் இரண்டு பக்கமும் புகார் வரும். எதிரியின் உடம்பில் இருந்த காயத்தை அரசுத் தரப்பு விளக்காமல் விட்டால் வழக்கே ஆட்டம் காணும் என்பது 1976-ல் வந்த லட்சுமி சிங் தீர்ப்பிலிருந்து நிலைத்த சட்டம். தமிழ்நாட்டுக் காவல் துறையின் நிலையாணை, ஒரே சம்பவத்தில் எழும் இரண்டு புகாரையும் சேர்த்து விசாரித்து, யார் முதலில் பாய்ந்தார்கள் என்று கண்டு அவர்கள்மேல் வழக்குத் தொடரச் சொல்கிறது. நடப்பில் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு வழக்குப் போட்டு, இரண்டையும் சமமாக வைத்து, ராசியாகப் போகச் சொல்லி அழுத்துகிறார்கள். தன்னைக் காத்துக்கொள்ளத் திருப்பி அடித்தவருக்குச் சட்டம் 34 முதல் 44 வரையான பிரிவுகளில் முழு உரிமை கொடுத்திருக்கிறது, தேவைக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்போடு. அந்த உரிமையைக் கேட்க நினைப்பவர் தன் காயத்தையும் அன்றைக்கே பதிவு செய்திருக்க வேண்டும், தான் அடித்ததை முற்றாக மறுத்துவிடவும் கூடாது.

சமாதானத்தைப் பற்றி. 115(2)-ஐ அடிபட்டவர் தானே சமாதானம் செய்துகொள்ளலாம். 117(2)-க்கு நீதிமன்ற அனுமதி வேண்டும். 118, 109 இரண்டிலும் கீழ் நீதிமன்றத்தில் சமாதானத்துக்கே இடமில்லை, உயர் நீதிமன்றத்தில்தான் ரத்து கேட்க முடியும். நிலையத்தில் எழுதி வாங்கும் காகிதத்தால் இந்த வழக்குகள் முடிவதில்லை. நீதிமன்றத்தில் சமாதானம் பதிவானால் அது விடுதலைக்குச் சமம், மறுபடி கிளப்ப முடியாது. சிகிச்சைச் செலவைத் தருவதாகச் சொன்னவர் அதன்பின் தராவிட்டால் அந்த வழக்கில் கேட்க வழியில்லை. பணம் கைக்கு வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

தண்டனை வந்தாலும் வராவிட்டாலும் இழப்பீடு என்று ஒன்று இருக்கிறது. அபராதத்திலிருந்தோ தனியாகவோ நீதிமன்றம் இழப்பீடு கொடுக்கச் சொல்லலாம். அடித்தவர் யாரென்றே தெரியாத வழக்கிலும் புதிய நடைமுறைச் சட்டத்தின் 396-வது பிரிவின் கீழ் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் விண்ணப்பிக்கலாம். அரசு வழக்கறிஞருக்கு உதவத் தன் சார்பில் ஒரு வழக்கறிஞரை நீதிமன்ற அனுமதியோடு வைத்துக்கொள்ளலாம். எதிரி விடுதலையானாலோ, சிறிய குற்றத்துக்கு மட்டும் தண்டனை பெற்றாலோ, அடிபட்டவரே மேல்முறையீடு செய்யலாம். கூலி வேலை செய்பவர்களுக்கு இதையெல்லாம் யாரும் சொல்வதில்லை.

அரசு ஆஸ்பத்திரிகளின் அவசர சிகிச்சைப் பிரிவு வாசலில் ஒரு பலகை வைக்க வேண்டும் என்று சுகாதாரத் துறையையும் காவல் துறையையும் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். ‘யாரேனும் தாக்கியிருந்தால் மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். உங்கள் ஏஆர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ரே படத்தைப் பத்திரமாக வையுங்கள்.’ இந்த மூன்று வரி போதும். அதோடு, எக்ஸ்ரே முடிவு வந்த நாளிலிருந்து இத்தனை நாளுக்குள் இறுதிக் காயச் சான்றிதழ் நிலையத்துக்குப் போயாக வேண்டும் என்று ஒரு காலக்கெடுவையும் இரண்டு துறைகளும் சேர்ந்து விதிக்க வேண்டும்.

இப்படிக்கு,
குற்றவியல் வழக்கறிஞர் ஒருவர்,
மதுரை.